ரோம் நகரில் தனியாக, கால்நடையாக: வாசகர் கேள்வி பதில்

முதல் வெளிநாட்டுப் பயணமாக, துணையில்லாமல் ரோமுக்குக் கிளம்பும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளும் எங்கள் பயணப் பகுதியினரின் பதில்களும். கட்டணங்கள் அவ்வப்போது மாறும். கிளம்பும் முன் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

ரோமில் ஐந்து நாள் இருக்கப் போகிறேன். நடந்தே பார்த்துவிட முடியுமா? மாடி பஸ் டிக்கெட் வாங்கிவிடுவது நல்லதா?
வாசகர், கோவை

தாராளமாக நடக்கலாம். பழைய ரோம் நாம் நினைப்பதைவிடச் சின்னது. கொலோசியத்திலிருந்து பான்தியான் கோயில் சுமார் ஒன்றரை கிலோமீட்டர். அங்கிருந்து திரேவி நீரூற்று பத்து நிமிட நடை, நவோனா சதுக்கம் ஐந்து நிமிடம். மாடி பஸ் பெரிய சாலைகளில்தான் சுற்றும். பார்க்க வேண்டியதெல்லாம் அது நுழைய முடியாத சந்துகளில் இருக்கிறது. அந்தப் பணத்துக்கு நல்ல காலணி வாங்குங்கள்.

தங்குமிடத்தை மட்டும் யோசித்துப் பிடியுங்கள். முதல் முறை போகிறவர்களுக்கு மோன்தி பகுதி வசதி: தெர்மினி ரயில் நிலையத்துக்கும் கொலோசியத்துக்கும் நடுவில் இருக்கிறது, இரண்டுக்கும் நடந்துவிடலாம். திராஸ்தேவெரே அழகுதான், ஆனால் மெட்ரோ கிடையாது. வார இறுதியில் நள்ளிரவு தாண்டியும் சத்தம். அறை வாடகை தவிர, ஓர் இரவுக்கு இவ்வளவு என்று நகர வரி தனியாகக் கேட்பார்கள். ஏமாற்று வேலை என்று சண்டைக்குப் போகாதீர்கள், அது முறையான வரி.

இத்தாலி போகத் தேவையான ஷெங்கன் வீசாவில் எங்கே இடறுகிறார்கள்? என் பாஸ்போர்ட்டில் ஒரு முத்திரைகூட இல்லை.
வாசகி, ஈரோடு

வெற்று பாஸ்போர்ட் குற்றமில்லை. தாள்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகாததில்தான் பலர் மாட்டுகிறார்கள். பயணத் திட்டத்தில் ஆறு இரவு, ஹோட்டல் பதிவில் ஐந்து இரவு. விடுப்புக் கடிதத்தில் ஒரு தேதி, விமானத்தில் வேறு தேதி. அடுத்தது வங்கிக் கணக்கு: மாதக்கணக்கில் இருபதாயிரம் இருந்த இடத்தில், விண்ணப்பத்துக்கு முந்தின வாரம் திடீரென நாலு லட்சம் வந்து உட்கார்ந்தால் சந்தேகம் வரும். அப்பா அம்மா தந்த பணம் என்றால் அவர்களது கடிதத்தையும் கணக்கு அறிக்கையையும் சேர்த்தே கொடுங்கள்.

மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். கிளம்பும் நாளும் திரும்பும் நாளும் அதற்குள் அடங்க வேண்டும். பாஸ்போர்ட் கடந்த பத்து ஆண்டுக்குள் வழங்கப்பட்டதாக, திரும்பும் தேதிக்குப் பிறகும் மூன்று மாதம் செல்லுபடியாவதாக, இரண்டு வெற்றுப் பக்கங்களோடு இருக்க வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிலிருந்து விண்ணப்பிக்கலாம். 15 நாளுக்குக் குறைந்தால் வாங்க மாட்டார்கள். கட்டணம் 90 யூரோ, விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி. கோடை விடுமுறைக்குப் போகிறவர்கள் கூட்டமாக வரும் ஏப்ரல், மே மாதங்களில் சந்திப்பு நேரம் கிடைப்பதே பாடு. வீசா கையில் வரும்வரை, ரத்து செய்தால் பணம் திரும்பாத விமான டிக்கெட் வேண்டாம்.

எதற்கெல்லாம் முன்பதிவு செய்ய வேண்டும்?
வாசகர், மதுரை

இரண்டுக்கு மட்டும். ஒன்று கொலோசியம், மற்றது வாடிகன் அருங்காட்சியகம். மீதியை அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.

கொலோசியத்தின் சாதாரண டிக்கெட் 18 யூரோ. தொல்லியல் பூங்காவின் அதிகாரப்பூர்வத் தளத்தில் 30 நாள் முன்னதாக விற்பனை திறக்கும், நல்ல நேரங்கள் சீக்கிரமே தீர்ந்துவிடும். டிக்கெட்டில் உங்கள் பெயர் இருக்கும். வாசலில் பாஸ்போர்ட்டோடு ஒப்பிடுவார்கள். நம் ஊர் வழக்கப்படி முன்னெழுத்தைப் போட்டுவிடாமல், பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பெயரைத் தட்டச்சு செய்யுங்கள். அதே டிக்கெட்டில் பாலடைன் குன்றும், பழைய ரோமின் பொதுச் சதுக்கமான ரோமன் ஃபோரமும் அடக்கம். அவை இரண்டுக்கும் சேர்த்து ஒரே நுழைவுதான். சாப்பிட்டுவிட்டு வருகிறேன் என்று வெளியே வந்தால் திரும்ப விட மாட்டார்கள்.

வாடிகன் அருங்காட்சியகம் 20 யூரோ, இணையப் பதிவுக்கு மேலும் 5. மாதத்தின் கடைசி ஞாயிறு தவிர மற்ற ஞாயிறுகளில் மூடியிருக்கும். அந்தக் கடைசி ஞாயிறு இலவசம் என்பதால் ஊரே அங்கே நிற்கும், வேண்டாம். இங்கே பலர் செய்யும் தவறு: புனித பேதுரு சதுக்கத்தில் போய் நின்றுகொண்டு அருங்காட்சியக வாசலைத் தேடுவது. வாசல் வடபக்கம், கோட்டைச் சுவரைச் சுற்றிக்கொண்டு சுமார் பதினைந்து நிமிடம் நடக்க வேண்டும். பத்து மணிக்கு டிக்கெட் என்றால் ஒன்பதரைக்குச் சதுக்கத்தைத் தாண்டியிருக்க வேண்டும். புனித பேதுரு பேராலயத்துக்குள் போகக் கட்டணமில்லை. அந்த நீள வரிசை பாதுகாப்புச் சோதனைக்கானது. காலை ஏழு மணிக்கே திறக்கிறார்கள், அப்போது போனால் வரிசையே இருக்காது. புதன்கிழமை காலை மட்டும் வேண்டாம், போப்பாண்டவரைப் பார்க்கக் கூட்டம் கூடும் நேரம். அதன் குவிமாட உச்சிக்கு 551 படி. லிஃப்டில் போனாலும் 320 படி ஏறித்தான் ஆக வேண்டும். கடைசிப் பகுதியில் சுவர் குவிமாடத்தோடு சேர்ந்து சாய்வதால் உடம்பையும் சாய்த்துக்கொண்டு நடக்க வேண்டும். மூடிய இடம் ஒத்துக்கொள்ளாதவர்கள் தவிர்க்கவும்.

முதல் நாள் எங்கே தொடங்கி எங்கே முடிப்பது? வழி போட்டுக் கொடுங்கள்.
வாசகி, திருச்சி

ரோம் நம்மைவிடக் கோடையில் மூன்றரை மணி, குளிர்காலத்தில் நாலரை மணி பின்னால் இருக்கிறது. அதனால் முதல் இரண்டு நாள் அங்கே விடியற்காலை நாலு மணிக்கே முழிப்பு வந்துவிடும். திரும்பத் தூங்கப் போராடாதீர்கள். ஐரோப்பியப் பயணிகளுக்குக் கிடைக்காத சலுகை இது.

ஆறு மணிக்குத் திரேவி நீரூற்றில் இருங்கள். பத்து மணிக்கு மேல் தலைகள்தான் தெரியும். இப்போது தண்ணீர்ச் சத்தம் கேட்கும். கி.மு. 19இல் ரோமானியத் தளபதி அக்ரிப்பா கொண்டுவந்த கால்வாயின் தொடர்ச்சியிலிருந்துதான் இன்றும் இதற்கு நீர் வருகிறது. தொட்டிக்குள் காலை வைத்தால் அபராதம். ஸ்பானியப் படிகளில் உட்கார்ந்தாலும் அபராதம்தான், 2019 முதல்.

காபி குடித்துவிட்டு ஒன்பது மணிக்குப் பான்தியான். 2023 ஜூலை முதல் 5 யூரோ கட்டணம். குவிமாடத்தின் விட்டமும், தரையிலிருந்து உச்சி உயரமும் ஒரே அளவு: 43.3 மீட்டர். கம்பியே இல்லாத கான்கிரீட். உலகில் இந்த வகையில் இதைவிடப் பெரியது இன்றுவரை இல்லை. எல்லோரும் உச்சியில் உள்ள சுமார் 9 மீட்டர் திறப்பையே அண்ணாந்து பார்ப்பார்கள். நீங்கள் அதற்கு நேர் கீழே தரையைப் பாருங்கள்: பளிங்கில் சின்னச் சின்னத் துளைகள். திறப்பு வழியே விழும் மழைநீர் அவற்றில் வடிந்துவிடும்; தரையும் நடுவில் லேசாக மேடிட்டு ஓரங்களுக்குச் சரிகிறது. மழை நாளில் உள்ளே இருக்க வாய்த்தால் விடாதீர்கள்.

அங்கிருந்து இருநூறு மீட்டரில் சான் லுயிஜி தெய் ஃப்ரான்சேசி தேவாலயம், கட்டணமில்லை. இடப்பக்கக் கடைசிச் சிற்றாலயத்தில் ஓவியர் கரவாஜியோ 1600ஐ ஒட்டித் தீட்டிய புனித மத்தேயு ஓவியங்கள். இருட்டாக இருக்கும், பக்கத்தில் உள்ள பெட்டியில் நாணயம் போட்டால் கொஞ்ச நேரம் விளக்கு எரியும். இடச்சுவரில் இயேசு மத்தேயுவை அழைக்கும் காட்சியில் ஒளி வலமிருந்து சரிவாக வரும். பலிபீடத்துக்கு மேலே உள்ள நிஜ ஜன்னலும் அதே பக்கம்தான் என்பதைக் கவனியுங்கள். இந்தச் சுவருக்கென்றே போட்ட ஒளி அது, அச்சுப் புத்தகத்தில் இது பிடிபடாது. சில்லறை இல்லாமல் போகாதீர்கள். பெரும்பாலான தேவாலயங்கள் மதியம் மூடி மாலையில்தான் திறக்கும் என்பதால் இவற்றையெல்லாம் காலையிலேயே முடிக்க வேண்டும். தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். பையில் ஒரு துப்பட்டா இருந்தால் போதும்.

அடுத்து நவோனா சதுக்கம். அதன் நீள வடிவம் கீழே புதைந்துள்ள, பேரரசர் டொமிஷியன் கட்டிய விளையாட்டரங்கின் வடிவம். நடுவில் சிற்பி பெர்னினி 1651இல் முடித்த நான்கு நதிகளின் நீரூற்று. நைல், டான்யூப், லா பிளாத்தாவோடு நம் கங்கையும் கையில் துடுப்போடு தாடிக்கார ஆணாக அமர்ந்திருக்கிறாள், இல்லை, அமர்ந்திருக்கிறார். தெற்கே ஐந்து நிமிடத்தில் காம்போ தெ ஃபியோரி காய்கறிச் சந்தை. நடுவே 1600இல் அங்கே உயிரோடு எரிக்கப்பட்ட தத்துவஞானி ஜியோர்தானோ புரூனோவின் சிலை.

பகல் சாப்பாட்டுக்குப் பின் கிழக்கே திரும்பினால் லார்கோ அர்ஜென்தீனா சதுக்கம், நடுவில் அகழ்ந்தெடுத்த பழைய கோயில்களின் பள்ளம். ஜூலியஸ் சீசர் கொல்லப்பட்டது இந்தப் பள்ளத்தின் ஓரத்தில். கி.மு. 44இல் இங்கே நடந்தது அரசியல்; இப்போது குடியிருப்பது பூனைகள். பிறகு பழைய யூதர் பகுதி வழியாகத் தைபர் தீவுக்குப் போகும் ஃபப்ரீசியோ பாலம். கி.மு. 62இல் கட்டியது, இன்றும் மக்கள் நடக்கிறார்கள். அக்கரையில் திராஸ்தேவெரே. மொத்தம் நாலைந்து கிலோமீட்டர்தான். மாலை நாலு மணிக்கு உங்களுக்குத் தூக்கம் சொக்கும். அறைக்குப் போய்விடுங்கள்.

ரோமன் ஃபோரத்தில் உடைந்த கற்கள்தான் இருக்கின்றன என்று போய்வந்தவர்கள் சொல்கிறார்களே?
வாசகர், தஞ்சாவூர்

நேராக அங்கே போனால் அப்படித்தான் தோன்றும். அதற்கு முன்னால் சான் கிளெமென்தே தேவாலயத்துக்குப் போய்வாருங்கள்; கொலோசியத்திலிருந்து ஐந்தாறு நிமிடம். மேலே 12ஆம் நூற்றாண்டு ஆலயம். படி இறங்கினால் 4ஆம் நூற்றாண்டு ஆலயம். இன்னும் இறங்கினால் முதல் நூற்றாண்டுக் கட்டடங்கள், மித்ரா வழிபாட்டு அறை, சுவருக்குப் பின்னால் ஓடும் தண்ணீரின் சத்தம். ரோம் நகரமே இப்படி அடுக்கடுக்காக ஏறியதுதான். அது உடம்பில் பதிந்த பிறகு ஃபோரம் வேறாகத் தெரியும்.

உள்ளே போனதும் ஃபோரத்தில் இறங்காமல் முதலில் பாலடைன் குன்று ஏறுங்கள். மேல்தளத்திலிருந்து மொத்த வரைபடமும் காலடியில் விரியும். பிறகு இறங்கினால் எது எங்கே என்று தெரியும். பேரரசர் அந்தோனினஸ், அவர் மனைவி ஃபவுஸ்தினா கோயிலைத் தேடுங்கள்: பத்து தூண்கள், பின்னால் ஒரு தேவாலயம். அந்தத் தேவாலயத்தின் கதவு தரைக்கு வெகு மேலே அந்தரத்தில் நிற்கும். கதவு வைத்த காலத்தில் மண் அவ்வளவு உயரம் மூடியிருந்தது. பிறகு தோண்டினார்கள், கதவு மேலேயே தங்கிவிட்டது. தூண்களின் மேற்பகுதியில் சாய்வான வெட்டுத் தடங்கள் தெரியும். கயிறு கட்டி இழுத்துச் சாய்க்கப் பார்த்த தடம் என்கிறார்கள்.

இன்னொரு இடம் நமக்கு நெருக்கமானது. மூன்று பெரிய வளைவுகளோடு நிற்கும் மாக்ஸென்ஷியஸ் மண்டபத்துக்கு அடியில்தான் டொமிஷியன் கட்டிய மிளகுக் கிடங்கு இருந்தது. முசிறித் துறைக்குப் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பும் யவனர் கப்பலை அகநானூறு பாடுகிறதே, அந்த மிளகு போய்ச் சேர்ந்த முனை இது.

நிழல் கிடையாது. ஜூலை, ஆகஸ்டில் 35 டிகிரி தாண்டும், மதியம் இங்கே நிற்க முடியாது. டிக்கெட் இல்லாமலே பார்க்க ஒரு வழி உண்டு: காம்பிதோலியோ சதுக்கத்துக்குப் பின்புற மாடம். இருட்டிய பிறகு போங்கள், கீழே விளக்குப் போட்டிருப்பார்கள்.

என்ன காலணி? தண்ணீர் பாட்டில் விலை பயமுறுத்துகிறதே?
வாசகி, சேலம்

ரோமின் சந்துகளில் பாவியிருப்பது சாம்பியெத்ரீனி எனும் கருங்கல் கட்டைகள். கல்லுக்குக் கல் இடைவெளி உண்டு, மேல்பக்கம் தேய்ந்து வழவழப்பு. மெல்லிய அடிப்பாகமுள்ள காலணியில் இரண்டு மணி நேரத்தில் உள்ளங்கால் எரியும்; மழை பெய்தால் வழுக்கும். அடிப்பாகம் தடித்த, ரப்பர் பிடிமானமுள்ள நடைக்காலணி எடுங்கள். கிளம்புவதற்கு இரண்டு மூன்று வாரம் முன்பே வாங்கி ஊரிலேயே தினமும் ஐந்து கிலோமீட்டர் நடந்து பழக்குங்கள். புதுக் காலணியோடு விமானம் ஏறினால் இரண்டாம் நாளே குதிகாலில் கொப்புளம். உருளைப் பெட்டியின் சின்னச் சக்கரமும் இந்தக் கல்லில் மாட்டி உடையும். நிலையத்திலிருந்து அறை தூரமென்றால் முதுகுப் பை மேல்.

தண்ணீருக்குக் காசே வேண்டாம். தெருவுக்குத் தெரு நசோனே எனும் இரும்புக் குழாய்த் தூண்கள், நகரம் முழுக்க சுமார் 2,500 உண்டு, இடுப்புயரத்தில் ஓயாமல் ஊற்றிக்கொண்டிருக்கும். குடிநீர்தான், கோடையிலும் சில்லென்று இருக்கும். வளைந்த குழாயின் மேல்பக்கம் ஒரு சின்னத் துளை பாருங்கள். குழாய் வாயை விரலால் அடைத்தால் அந்தத் துளை வழியாகத் தண்ணீர் மேலே வளைந்து பீய்ச்சும். குனியாமல் அண்ணாந்து குடித்துவிடலாம். ஒரு காலி பாட்டில் எடுத்துப் போங்கள்.

சைவம். முட்டையும் சாப்பிட மாட்டேன். சமாளிக்க முடியுமா?
வாசகி, மயிலாடுதுறை

நன்றாகவே. எடை போட்டு விற்கும் துண்டு பீட்ஸா கடைகள் உங்கள் துணை. கத்தியை வைத்து "இவ்வளவா?" என்று சைகை செய்வார்கள், போதும் என்றால் வெட்டிச் சூடாக்கித் தருவார்கள். மரினாரா பீட்ஸாவில் பாலாடைக்கட்டிகூட இல்லை. பாஸ்தாவில் அர்ராபியாத்தா வெறும் தக்காளி, பூண்டு, மிளகாய். ஸ்பகெட்டி போன்ற காய்ந்த பாஸ்தாவில் பெரும்பாலும் முட்டை இருக்காது. புதிதாகப் பிசைந்தது என்றால் பெரும்பாலும் முட்டை உண்டு, கேட்டுவிடுங்கள்.

மாட்டிவிடுபவை: கார்பொனாரா, அமத்ரிச்சியானா, கிரீச்சா எனும் பாஸ்தாக்கள் மூன்றிலும் பன்றி இறைச்சி. சுப்ளி எனும் அரிசி உருண்டையின் உள்ளே பெரும்பாலும் இறைச்சிக் குழம்பு. புந்தாரெல்லே கீரை பச்சையாகத்தான் தெரியும், மேலே ஊற்றியது நெத்திலி. காசியோ எ பெபே பாஸ்தாவில் மிளகும் பாலாடைக்கட்டியும் மட்டும்தான்; ஆனால் பெகொரீனோ, பார்மேசான் ஆகிய பாலாடைக்கட்டிகள் இரண்டையும் விலங்கின் இரைப்பை நொதி சேர்த்தே உறைய வைக்கிறார்கள். கண்டிப்பானவர்கள் அதையும் விட வேண்டும். "சென்சா கார்னே, சென்சா பெஷ்ஷே, சென்சா உவோவா" என்றால் இறைச்சி, மீன், முட்டை இல்லாமல். எழுதிக் காட்டினாலும் புரிந்துகொள்வார்கள்.

காபிக் கடையில் நின்றுகொண்டு குடித்தால் ஒன்றேகால், ஒன்றரை யூரோ. அதையே மேஜையில் உட்கார்ந்து குடித்தால் சுற்றுலா இடங்களில் இரண்டு மூன்று மடங்கு. பல கடைகளில் முதலில் கல்லாவில் பணம் கட்டி, ரசீதைக் காபி போடுபவரிடம் நீட்ட வேண்டும்.

விமான நிலையத்திலிருந்து ஊருக்குள் எப்படி வருவது?
வாசகர், புதுச்சேரி

ஃபியூமிசீனோ விமான நிலையத்திலிருந்து லியோனார்தோ எக்ஸ்பிரஸ் ரயில்: 14 யூரோ, 32 நிமிடம், நேரே தெர்மினி. அதே நிலையத்தில் 8 யூரோ ரயிலும் நிற்கும்; அது தெர்மினிக்குப் போகாது, மலிவு என்று ஏறிவிடாதீர்கள். திராஸ்தேவெரேயில் அறை என்றால் மட்டும் அதுதான் சரி. காகித டிக்கெட்டை ஏறும் முன் நடைமேடை இயந்திரத்தில் முத்திரையிட வேண்டும். வரும் வழியில் "டாக்ஸி, டாக்ஸி" என்று காதருகே சொல்பவரோடு போகாதீர்கள். முறையான டாக்ஸி வெள்ளை நிறம், கூரையில் பலகை, பழைய நகர மதிலுக்குள் நிலையான கட்டணம்.

ஊருக்குள் பஸ், மெட்ரோ டிக்கெட் 1.50 யூரோ, 100 நிமிடம் செல்லும். மெட்ரோவில் ஒரு முறைதான். வங்கி அட்டையைத் தட்டியும் ஏறலாம். பஸ் மாறும்போது அதே அட்டையையே தட்டுங்கள். முதலில் அட்டை, அடுத்ததில் கைப்பேசி என்றால் இரண்டு பயணமாகக் கழியும்.

பெண் தனியாக மாலையில் நடக்கலாமா? பிக்பாக்கெட் பற்றி நிறையச் சொல்கிறார்கள்.
வாசகி, நாகர்கோவில்

நடுப்பகுதியில் இரவு பத்து, பதினொன்று வரை குடும்பங்கள் நடமாடும், தயங்க வேண்டாம். தெர்மினியைச் சுற்றிய தெருக்களில் நேரம் கழித்துச் சுற்றாதீர்கள். உடம்புக்கு ஆபத்து குறைவு, பைக்குத்தான் ஆபத்து. தெர்மினியிலிருந்து வாடிகன் பக்கம் போகும் 64ஆம் எண் பஸ்ஸும் மெட்ரோ ஏ வழித்தடமும் பேர் போனவை. கதவு மூடும் கணத்தில் நெருக்கி, எடுத்துக்கொண்டு இறங்கிவிடுவார்கள். கதவோரம் நிற்காமல் உள்ளே போய்விடுங்கள், பை முன்பக்கம் இருக்கட்டும். கையில் கயிறு கட்ட வருபவர், ரோஜாவைத் திணிப்பவர், கையெழுத்துக் கேட்டு அட்டையை நீட்டுபவர் யாராக இருந்தாலும் நிற்காமல் நடந்துகொண்டே இருங்கள்.

அடையாள ஆவணம் கையில் இருக்க வேண்டும் என்பது சட்டம். பாஸ்போர்ட் உடைக்குள் அணியும் பையில், நகல் அறையில், படம் மின்னஞ்சலில். தொலைந்தால் முதலில் காவல் நிலையத்தில் புகார் எழுதி வாங்கிக்கொண்டு இந்தியத் தூதரகம் போக வேண்டும். அவசர எண் 112.

பணம் எப்படி, சார்ஜர் எப்படி, கழிப்பறை எப்படி?
வாசகர், வேலூர்

அட்டை எல்லா இடத்திலும் எடுபடும். நூறு, நூற்றைம்பது யூரோ ரொக்கம் போதும். ஏ.டி.எம். அல்லது கடை இயந்திரம் "ரூபாயிலா, யூரோவிலா?" என்று கேட்டால் யூரோ என்று அழுத்துங்கள். ரூபாய் என்றால் மாற்று விகிதத்தில் நன்றாகத் தீட்டிவிடுவார்கள். மெல்லிய இரண்டு முள் சார்ஜர் அங்கே பொருந்தும். நம் மூன்று முள் தடிமன் பிளக் பொருந்தாது.

பொதுக் கழிப்பறை குறைவு. ஒரு காபி குடித்துவிட்டுக் கடையினுடையதைக் கேட்பதுதான் வழக்கம். அறையில் நிம்மதி: இத்தாலிய வீடுகளில் 1975 முதல் பிடே எனும் கழுவிக்கொள்ளும் தொட்டி கட்டாயம், ஹோட்டல்களிலும் அநேகமாக இருக்கும். ஐரோப்பா என்றதும் தண்ணீருக்கு ஏங்குபவர்களுக்கு இத்தாலி விதிவிலக்கு.

ஐந்தாம் நாள் காலியாக இருக்கிறது. பழைய ரோமானியச் சாலையான அப்பியன் சாலையில் நடப்பது நல்லதா?
வாசகர், சென்னை

நல்லது, ஆனால் நகர வாசலிலிருந்து நடக்காதீர்கள். சான் செபஸ்தியானோ வாயிலைத் தாண்டியதும் நடைபாதை இல்லை, இருபுறமும் உயரச் சுவர், நடுவே கார்கள். 118ஆம் எண் பஸ்ஸில் நிலவறைக் கல்லறைகள் வரை போய்விட்டு, செசீலியா மெதெல்லா கல்லறைக் கோபுரத்திலிருந்து தெற்கே நடக்கத் தொடங்குங்கள். அங்கிருந்துதான் பழைய பெரிய கற்பாளங்களும், ஓரத்துப் பைன் மரங்களும், வண்டிச் சக்கரம் அறுத்த தடங்களும் வரும். சான் கலிஸ்தோ நிலவறை புதன்கிழமை விடுமுறை. ஞாயிறுகளில் வண்டிகளுக்குக் கட்டுப்பாடு உண்டு என்பதால் அதுவே தோதான நாள். கடை கண்ணி குறைவு. தண்ணீரும் பீட்ஸாத் துண்டும் ஊரிலேயே வாங்கிக்கொண்டு, திரும்பும் பஸ் நேரத்தை இறங்கும்போதே பார்த்து வையுங்கள். ஞாயிறன்று பஸ் அபூர்வமாகத்தான் வரும்.